பூதத்தின் இடுப்பில் சாவிக்கொத்து

மனித குலம் வாசிப்பை வளர்க்க எடுத்த முயற்சிகளுள் மூன்றை மட்டும் வரலாறு பொன்னெழுத்தில் பொறித்து வைக்கும். ஒன்று, எழுத்தைக் கண்டுபிடித்தது. இரண்டு, அச்சு இயந்திரத்தைக் கண்டுபிடித்தது. மூன்று, நகர மைய நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் இருந்த மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களையும் அட்டைப்பெட்டிகளில் போட்டு, கிடங்கு அறையில் அடுக்கிப் பூட்டி, கதவுக்கு முத்திரை வைத்தது.

முதல் இரண்டையும் யார் யாரோ செய்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாவதைச் செய்யும் பாக்கியம் நூலகத் துறையின் இணை இயக்குநருக்கு வாய்த்தது. பெட்டி கட்டும் பாக்கியம் அக்காவுக்கு வாய்த்தது.

அக்கா என்றால் குழந்தைகள் பிரிவின் நூலகர். வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருடமாக அந்த ஒரே அறையில் குப்பை கொட்டுகிறாள். அன்றைக்கு அவளை அக்கா என்று கூப்பிட்ட பிள்ளைகள் இன்றைக்குத் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் அவள் அக்காதான். அவளுக்கு வயதாகிறது என்பதை ஓய்வூதியப் பிரிவைத் தவிர வேறு யாரும் கவனிக்கவில்லை.

எல்லாம் ஒரு கூட்டத்தில் தொடங்கியது. பொருள்: 'குழந்தைகளிடையே வாசிப்பு இன்பத்தை ஊக்குவித்தல்.' நீளமான மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஆளுக்கொரு குறிப்பேடு, நடுவில் பிளாஸ்டிக் பூ. அக்காவையும் மரியாதைக்காகக் கூப்பிட்டிருந்தார்கள். அவளும் விவரம் தெரியாமல் வாயைத் திறந்துவிட்டாள்.

"சார், பள்ளிக்கூடம் விட்டு பிள்ளைங்க வர்றதே அஞ்சு மணிக்கு. நாம அஞ்சரைக்கு மூடிடறோம். ஏழு வரைக்கும் தொறந்து வெச்சா போதும் சார்."

இணை இயக்குநர் அவளைப் பரிவோடு பார்த்தார். "அது வழக்கமான பணிம்மா. நான் கேக்கறது புதுமை."

புதுமை அடுத்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது. கழுத்தில் நீலத் துண்டு, கையில் செப்புக் காப்பு. 'பங்கேற்பு அரங்கு' நடத்தும் குழுவின் நெறியாளர். அவர் எழுந்து நின்று, கண்ணை மூடி, மூச்சை உள்ளே இழுத்து, வெளியே விட்டார். தண்ணீர் பாட்டில்கள் எல்லாம் மரியாதையாகக் காத்திருந்தன.

"சாதாரண நாடகத்துல பிள்ளைங்க சும்மா பாப்பாங்க. எங்க நாடகத்துல பிள்ளைங்கதான் எல்லாம். எந்தப் பிள்ள வேணும்னாலும், எப்ப வேணும்னாலும், 'நில்!'னு சொல்லலாம். நாடகம் அப்படியே நிக்கும். அந்தப் பிள்ள கதைய எப்படி மாத்தணும்னு சொல்லுதோ, அப்படி நாங்க மாத்தியே ஆகணும். இதுதான் எங்க ஒரே விதி. இத நாங்க மீறினதே இல்ல."

அடேயப்பா என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நாடகத்தின் பெயர் 'வா, வாசி, வாழ்!' கதை எளிமையானது. மௌனப் பூதம் என்றொரு பூதம் உலகத்துப் புத்தகங்களை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுகிறது. குழந்தைகள் கூச்சல் போட்டுப் பூதத்தை விரட்டிப் பெட்டியைத் திறக்கிறார்கள். பெட்டியிலிருந்து நூறு பலூன் பறக்கும். புகைப்படம்.

"எங்க நடத்தலாம்?" என்று இணை இயக்குநர் கேட்டார்.

"குழந்தைகள் பிரிவுலயே. ஆனா அங்க ஒரு சிக்கல் இருக்கு சார்." நெறியாளர் குரலைத் தாழ்த்தினார். "புத்தகம் இருக்கு."

அறையில் கவலை பரவியது.

"கைக்கெட்டுற தூரத்துல புத்தகம் இருந்தா, பிள்ளைங்க அத எடுத்துப் பாக்க ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் வாசிப்பு இன்பத்துல எப்படிக் கவனம் இருக்கும்?"

இந்த வாதத்துக்கு மறுப்பு சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அக்காவுக்குத் தோன்றியது, ஆனால் அதற்குள் தேநீர் வந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை காலை சுற்றறிக்கை வந்தது: 'வாசிப்பு ஊக்குவிப்பு நிகழ்ச்சியை முன்னிட்டு, குழந்தைகள் பிரிவில் வாசிப்பு மறு உத்தரவு வரும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது.' சாயங்காலத்துக்குள் எண்பத்தாறு பெட்டி கட்டியாயிற்று. அட்டெண்டர் அண்ணன் ஒவ்வொரு பெட்டியிலும் கரியால் எண் போட்டார். கிடங்கின் பூட்டுக்குச் சாவி அக்காவிடம். ஆனால் பூட்டுக்கு மேலே ஒட்டிய காகிதப் பட்டையில் இணை இயக்குநரின் கையெழுத்து. அதைக் கிழித்தால் வேலைக்கே உலை.

ஒழிந்த அலமாரிகள் பார்க்க நன்றாக இல்லை என்று நெறியாளர் வருத்தப்பட்டார். அதனால் ஓர் ஓவியரை வரவழைத்தார்கள். பெட்டி கட்டுவதற்கு முன்பு கணக்குக்காக அலமாரிகளைப் புகைப்படம் எடுத்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து, முப்பதடித் துணியில், அதே புத்தகங்களை, அதே வரிசையில், முதுகில் இருந்த தலைப்பு முதற்கொண்டு அப்படியே வரைந்து, ஒழிந்த அலமாரிகளுக்கு முன்னால் தொங்கவிட்டார்.

"ஒண்ணுகூட விடலம்மா. கிழிஞ்ச அட்டையக்கூட கிழிஞ்ச மாதிரியே போட்டுட்டேன்," என்று ஓவியர் பெருமைப்பட்டார். பொய் சொல்லக் கூடாது, மனுஷன் கை தங்கக் கை. அக்காவே ஒருமுறை மறந்துபோய் ஒரு புத்தகத்தை நேராக்கப் போய் விரலில் சாயத்தோடு திரும்பினாள்.

துணியைத் தொங்கவிட்டு அறையை மறுபடி திறந்த அன்றைக்கு, ஐந்து மணிக்கு ஆட்டுக்குட்டி வந்தாள்.

ஒன்பது வயது. அப்பா கிரேன் ஓட்டுகிறவர். ஊர் ஊராகக் கட்டடம் எழும்பும் இடத்துக்கெல்லாம் குடும்பமும் கூடவே போகும். உறுப்பினர் அட்டைக்கு 'நிலையான முகவரி' வேண்டும் என்பது துறையின் விதி. கிரேனுக்கு ஏது நிலையான முகவரி? ஆகவே அவள் எதையும் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. தினம் அரை மணி நேரம் இங்கேயே உட்கார்ந்து ஒரே புத்தகத்தைப் படித்துவந்தாள். கலங்கரை விளக்கத்தின் உச்சியில் ஏறிவிட்ட ஓர் ஆட்டைப் பற்றிய கதை அது. ஆடு மேலே போய்விட்டது, எப்படி இறங்கப்போகிறது? பதினோரு அத்தியாயத்தில் ஒன்பது முடித்திருந்தாள். அந்தப் புத்தகத்தால்தான் அக்கா அவளுக்கு ஆட்டுக்குட்டி என்று பெயர் வைத்தாள்.

பெண் நேராக மூன்றாம் தட்டுக்குப் போனாள். இடமிருந்து ஏழாவது. கையை நீட்டிப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. நகத்தால் நெம்பினாள். நகத்தில் பச்சைச் சாயம் வந்தது.

"அக்கா, இது வெறும் துணிக்கா!"

"ஆமாண்டா."

"என் ஆடு எங்கக்கா?"

"உள்ள இருக்கு. பத்திரமா இருக்கு."

"எப்ப வெளிய வரும்?"

அது இணை இயக்குநருக்கே தெரியாது. ஒத்திகை ஒரு வாரம் என்றார்கள், ஐந்து வாரமாயிற்று. அக்கா ஒரு விண்ணப்பம் எழுதிப் போட்டாள். முப்பத்தொன்றாம் பெட்டியில் மேலாக இருக்கும் ஒரே ஒரு புத்தகத்தை எடுக்க முத்திரையைத் திறக்க அனுமதி வேண்டும் என்று கேட்டாள். பதில் உடனே வந்தது: 'ஒரு குழந்தையின் வாசிப்புக்காக ஒட்டுமொத்தக் குழந்தைகளின் வாசிப்பு ஊக்குவிப்பைப் பணயம் வைக்க இயலாது.' எவ்வளவு பொறுப்பான பதில்! அக்கா அதை மூன்று முறை படித்தாள். அந்த மாதத்தில் அந்த அறையில் அவள் படிக்கக் கிடைத்தது அது ஒன்றுதான்.

ஆறாவது வாரம் ஆட்டுக்குட்டி வந்து மேசை ஓரத்தில் நின்றாள். முகம் வாடிக் கிடந்தது.

"அக்கா, ஞாயித்துக்கிழமை நாங்க வேற ஊருக்குப் போறோம். அப்பாவுக்கு இங்க வேல முடிஞ்சிருச்சு. நீங்களே சொல்லிடுங்கக்கா, ஆடு எப்படி எறங்குச்சு?"

அக்காவுக்கு முடிவு தெரியும். ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் ஒன்பது அத்தியாயம் எழுத்துக் கூட்டிப் படித்தவளிடம் முடிவை வாயால் சொல்லிவிடுவதா? அது இணை இயக்குநர் செய்கிற வேலை.

"சொல்ல மாட்டேன். நீயே படிக்கிற. சனிக்கிழமை புத்தகம் உன் கைல இருக்கும்."

"நெசமாவாக்கா?"

"நெசமா."

சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது. சனிக்கிழமைதான் நாடகம்.

இதற்கிடையில் துறைக்கு ஒரு பேரிடி. மௌனப் பூதமாக நடிக்க இருந்தவருக்குச் சோப்பு விளம்பரத்தில் வாய்ப்பு வந்து அவர் கிளம்பிவிட்டார். நெறியாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, வராந்தாவில் யாரோ செல்பேசியில் கத்த, அக்கா பழக்க தோஷத்தில் உதட்டில் விரலை வைத்து "ஷ்ஷ்!" என்றாள்.

நெறியாளர் துள்ளி எழுந்தார். "ஆஹா! இதத்தான்மா நான் இத்தன நாளா தேடிட்டிருந்தேன். பூதம் உங்களுக்குள்ளயே இருக்கு!"

"எனக்கு நடிக்கத் தெரியாதுங்க."

"நடிக்கவே வேணாம். நீங்க நீங்களா இருந்தா போதும்."

இருபத்தாறு வருடச் சேவையை இதைவிட அழகாக யாரும் பாராட்டியதில்லை. கறுப்பு அங்கி, அட்டையில் செய்த ராட்சச மூக்குக்கண்ணாடி, தலையில் கம்பிக் கொண்டை எல்லாம் மாட்டினார்கள். இடுப்பில் அட்டைச் சாவிக்கொத்தைக் கட்டியபோது நெறியாளர் முகம் சுளித்தார். "சத்தம் வரலியே. பூதம் நடந்தா சாவி பேசணும்மா. உங்க நெஜச் சாவி இருக்கில்ல, அதையே மாட்டிக்குங்க." அக்கா அப்படியே செய்தாள்.

ஒத்திகையின் இன்னொரு சிறப்பையும் சொல்லியாக வேண்டும். குழந்தைகள் 'தன்னிச்சையாக' நில் என்று சொல்வார்கள் அல்லவா? அந்தத் தன்னிச்சை பிசகிவிடக் கூடாது என்று மூன்று குழந்தைகளை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, யார் எந்த நிமிடத்தில் என்ன தோன்றிச் சொல்ல வேண்டும் என்பதைத் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டார்கள். மூவரும் அலுவலகக் கண்காணிப்பாளர்களின் வாரிசுகள். பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள்.

சனிக்கிழமை விடிந்தது. நூற்று நாற்பது பிள்ளைகளைப் பேருந்துகளில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒவ்வொரு தலையிலும் 'நான் வாசிக்கிறேன்' என்று அச்சிட்ட தொப்பி. ஆட்டுக்குட்டி பட்டியலில் இல்லை, தொப்பியும் இல்லை. அம்மாவோடு வந்து நான்காம் வரிசை ஓரத்தில் நுழைந்து உட்கார்ந்தாள். முன்வரிசை நடுவில் இணை இயக்குநர், பக்கத்தில் புகைப்படக்காரர்.

நெறியாளர் மேடைக்கு வந்து விதியைச் சொன்னார். "யார் வேணும்னாலும் நில்னு சொல்லலாம். நீங்க சொல்றத நாங்க செஞ்சே தீருவோம். இது சத்தியம்!" பிள்ளைகள் கை தட்டினார்கள்.

பூதம் வந்தது. சாவி பேசியது. "ஷ்ஷ்!" என்றது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். ஐந்தாவது நிமிடத்தில் முதல் வாரிசு எழுந்தான்: "நில்! நாம் அனைவரும் கரம் கோத்து வாசிப்பின் மகத்துவத்தை உரக்கச் சொல்வோம்!" இணை இயக்குநர் சிலிர்த்துப்போனார். பன்னிரண்டாவது நிமிடத்தில் இரண்டாம் வாரிசு "நில்!" என்றாள். நாடகம் நின்றது. அவளும் நின்றாள். வசனம் மறந்துபோய் அம்மாவைப் பார்த்தாள். அம்மா வாயசைத்தார். "வா, வாசி..." என்று ஒப்பேற்றிவிட்டு, குழந்தை அழுதுகொண்டே உட்கார்ந்தது. தன்னிச்சை என்றால் சும்மாவா?

மேடை நடுவில் பெரிய பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். "பூதத்த விரட்டினா, இந்தப் பெட்டில இருக்கற அத்தன புத்தகமும் உங்களுக்கே!" என்று நெறியாளர் முழங்கினார்.

"நில்!"

மூன்றாவது வாரிசுக்கு இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. நெறியாளர் தாளைப் பார்த்தார். பிறகு நான்காம் வரிசையைப் பார்த்தார். தொப்பி இல்லாத தலை ஒன்று எழுந்து நின்றுகொண்டிருந்தது.

"சொல்லு கண்ணு," என்றார் அவர். சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"அந்தப் பெட்டில புத்தகம் இல்லீங்க. பலூன்தான் இருக்கு. நான் ஜன்னல் வழியா பாத்தேன்."

பிள்ளைகள் மத்தியில் முணுமுணுப்பு எழுந்தது. ஆட்டுக்குட்டி நிறுத்தவில்லை. "நெஜப் புத்தகமெல்லாம் அந்த ரூம்ல இருக்கு. பூதத்துகிட்ட சாவி இருக்கு. பூதம் அதத் தொறந்து, எல்லாருக்கும் ஆளுக்கொரு புத்தகம் குடுக்கணும். அப்படிக் கதைய மாத்துங்க."

"அது... கதைக்கு வெளிய இருக்கு கண்ணு."

"இல்லீங்க. வராந்தாவுக்கு அந்தப் பக்கந்தான் இருக்கு."

"மாத்தணும்! மாத்தணும்!" நூற்று நாற்பது தொப்பிகள் எழுந்து நின்றன. பங்கேற்பு என்றால் என்னவென்று அந்த அறை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தது.

அட்டைக் கண்ணாடிக்குள்ளிருந்து அக்கா எல்லோரையும் பார்த்தாள். இணை இயக்குநரின் முகம், அந்தக் காகிதப் பட்டையிலிருந்த கையெழுத்து, ஓய்வு பெற இன்னும் ஆறு வருடம், நாளைக்கு ஆட்டுக்குட்டி வீட்டார் கிளம்பும் லாரி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஆனால் சொன்ன சொல் ஒன்று இருக்கிறதே. அதோடு விதி என்றால் விதிதானே? அவள் அரசு ஊழியர்.

உதட்டில் விரலை வைத்தாள். "ஷ்ஷ்." கூட்டம் அடங்கியது. பூதம் மேடையை விட்டு இறங்கி, சாவி குலுங்க, வராந்தாவில் நடந்தது. பின்னாலேயே பிள்ளைகள் வரிசை. பட்டையை ஒரே இழுப்பில் கிழித்துக் கதவைத் திறந்தாள். அட்டெண்டர் அண்ணன் யாரும் சொல்லாமலே சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனார்.

"அம்மா, முப்பத்தொண்ணு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். அதுதானே மொதல்ல?" என்றார்.

பத்து நிமிடத்தில் எல்லோர் கையிலும் ஒரு புத்தகம் இருந்தது. மேடையில், படிக்கட்டில், ஓவியத் துணிக்குப் பின்னால், பலூன் பெட்டியின்மேல் என்று கிடைத்த இடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்துகொண்டார்கள். தாள் புரளும் ஓசையைத் தவிர வேறு சத்தமில்லை.

இணை இயக்குநர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "இப்ப என்ன காட்சி நடக்குது?"

"பிள்ளைங்க படிக்கிறாங்க சார்," என்றார் நெறியாளர் நொந்துபோய்.

"அது தெரியுது. நிகழ்ச்சி எப்ப ஆரம்பிக்கும்?"

"சார்," என்று புகைப்படக்காரர் குனிந்து சொன்னார், "எல்லாரும் தலையக் குனிஞ்சிருக்காங்க. ஒரு மொகங்கூட விழல. படமே எடுக்க முடியாது."

இதைத்தான் இணை இயக்குநரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. எழுந்து நின்று, கையைத் தட்டி, "போதும் போதும்! எல்லாரும் புத்தகத்த வெச்சிட்டு வாசிப்பக் கொண்டாட வாங்க!" என்று உரக்கக் கூப்பிட்டார்.

பூதம் திரும்பி அவரைப் பார்த்தது. இருபத்தாறு வருடப் பழக்கம். விரல் தானாகவே உதட்டுக்குப் போய்விட்டது.

"ஷ்ஷ்!"

இணை இயக்குநர் உட்கார்ந்துவிட்டார். அவரும் சின்ன வயதில் ஏதாவது நூலகத்துக்குப் போயிருப்பார் போலிருக்கிறது.

முக்கால் மணி நேரம் கழித்து ஆட்டுக்குட்டி புத்தகத்தை மூடிக்கொண்டு பூதத்திடம் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. காதோடு சொன்னாள்: "அக்கா, ஆடு படிக்கட்டு வழியாத்தான் ஏறிருக்கு. கீழ கதவப் பூட்டிட்டுப் போயிட்டாங்க, அதான் எறங்க முடியல. கதவத் தொறந்ததும் தானா எறங்கி வந்துருச்சு!"

"பூட்டினது யாரு?"

"வெளக்குக் காவல்காரரு. ஆட்ட எப்படி எறக்கலாம்னு ஊர்ல கூட்டம் போட்டாங்கல்ல, அதுக்குப் போயிருந்தாரு." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அக்காவும் சிரித்தாள், அட்டைக் கண்ணாடி நனைந்து வளைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை லாரி கிளம்பிப் போயிற்று.

திங்கட்கிழமை அக்காவுக்குக் குறிப்பாணை வந்தது. 'வாசிப்பு ஊக்குவிப்பு நிகழ்ச்சியின்போது நூற்று நாற்பத்தொரு குழந்தைகள் வாசிப்பில் ஈடுபட்டு நிகழ்ச்சிக்கு இடையூறு விளைவித்ததற்குத் தாங்களே காரணம் என்பதால், தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?' அக்கா ஒரே வரியில் பதில் எழுதினாள்: 'கதையை மாற்றச் சொன்னது குழந்தை; நான் நடித்தேன், அவ்வளவுதான்.' அவளைப் பழைய நாளிதழ்கள் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே பிள்ளைகள் வருவதில்லை என்பதால் வாசிப்புக்கு ஆபத்தில்லை.

புத்தகங்களைத் திரும்ப வாங்கி, எண்ணி, பெட்டியில் போட்டு, பூட்டி, சாவியை இணை இயக்குநர் தம் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். பூதத்துக்குச் சோப்பு விளம்பரக்காரரே திரும்ப வந்துவிட்டார். 'நில்' விதியை மட்டும் 'குழந்தைகளின் நலன் கருதி' எடுத்துவிட்டார்கள். நாடகம் இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் நடக்கிறது. அதற்குத் துறையின் சிறந்த வாசிப்பு முயற்சிக்கான கேடயமும் கிடைத்திருக்கிறது.

ஒரே ஒரு குறை. அந்த ஓவியத் துணியில், மூன்றாம் தட்டில், இடமிருந்து ஏழாவது புத்தகம் மட்டும் உரிந்து வெள்ளையாகிவிட்டது. அந்தச் சனிக்கிழமை ஆட்டுக்குட்டி வைத்துவிட்டுப் போன புத்தகத்தை எடுத்துப் படித்த பிள்ளைகள் சொல்லிச் சொல்லி, வருகிற பிள்ளைகள் எல்லாம் ஆட்டுக் கதையைத் தேடி அந்த இடத்தை நகத்தால் சுரண்டுகிறார்களாம். செய்தி மேலிடத்துக்குப் போயிற்று. துறை ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை. குழந்தைகள் கேட்கும் ஒரு புத்தகம் அலமாரியில் இல்லை என்றால் எப்படிப் பொறுக்கும்? மூன்றே நாளில் ஓவியரை வரவழைத்து, அதே இடத்தில், அதே பச்சையில், அந்தப் புத்தகத்தை மறுபடியும் வரைந்துவிட்டார்கள். பிள்ளைகள் தொடாமலிருக்க முன்னால் ஒரு கயிறும் கட்டியாயிற்று.